விழப்போகிற பல்லுக்கு வெள்ளிக் கவசம்

கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு பையன். நாலு, நாலரை வயது இருக்கும். இலையில் வைத்த அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். ஊறியதை எடுத்து வாயின் இடது ஓரத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு மென்றான். வடையைத் தொடவே இல்லை. வலது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. "என்ன கண்ணு, பல்லு வலிக்கா?" என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து இலையிலிருந்த அவன் அம்மாதான் சொன்னாள்: "சொத்தைக்கா. ராத்திரி முழுக்கத் தூங்க விடமாட்டேங்கான். டாக்டர்ட்ட காட்டுவோம்னா, இவங்க அப்பா விழப்போற பல்லுதானங்காங்க." அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவர் தலையாட்டினார். பாயசம் ஊற்ற வந்தவரும் வாளியை நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னார்: "பால்பல்லுதான? தானா விழுந்து முளைச்சிரும்." சொல்லிவிட்டுப் பையன் இலையில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார். மெல்ல வேண்டாத பண்டம் அல்லவா.

அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. படித்தவர், படிக்காதவர் பேதமில்லாமல் எல்லாரிடமும் இருக்கிறது அது. பிள்ளைக்கு மூன்று வயதில் கராத்தே, நாலு வயதில் அபாகஸ் என்று தேடித்தேடிச் சேர்க்கிற வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். என் வாயாலேயே பல வருஷம் சொல்லியிருக்கிறேன்; அதன் கதை பின்னால் வருகிறது. செலவில்லாத வாக்கியம், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாத வாக்கியம், எல்லாவற்றுக்கும் மேலே பாதி உண்மையான வாக்கியம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் பால்பல் மாதிரி அதுவாகவே எப்போதோ விழுந்திருக்கும்.

பால்பல் விழும். சரி. எந்தப் பல், எப்போது?

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே வாக்கியம் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். 'பல் விழுகிறது' என்றதும் நம் மனதில் வருவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பொக்கைச் சிரிப்பு. முன்பல் நாலும் ஆறு, ஏழு வயதில் விழ ஆரம்பிப்பவைதான். ஆனால் வாயில் இருக்கிற பால்பல் இருபது. அதில் எட்டு கடைவாய்ப் பற்கள். சொத்தை பெரும்பாலும் குடியேறுவது அந்த எட்டில்தான். பள்ளமும் பிளவுமாக இருக்கிற இடம் அது. அவற்றில் பின்னால் இருக்கிறது இரண்டாம் பால் கடைவாய்ப் பல். அது இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கும். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதாவது எட்டு ஒன்பது வருஷம் வாயில் இருந்து உழைக்கும். நம்மில் யாராவது ஒரு செல்போனை ஒன்பது வருஷம் வைத்திருக்கிறோமா? அதற்குக் கண்ணாடி ஒட்டி, உறை போட்டு, கீழே விழுந்தால் பதறி எடுக்கிறோம். பந்தியில் பார்த்த பையனுக்கு அந்தப் பல் விழ இன்னும் ஆறேழு வருஷம் இருக்கிறது. அதுவரை அப்பளத்தை ரசத்தில் ஊறப்போட்டுத்தான் தின்ன வேண்டுமா?

முன்பல்லைப் பார்த்துப் பிறந்த வாக்கியத்தைக் கடைவாய்ப் பல்லுக்கு மாட்டிவிட்டோம். கோளாறின் தொடக்கம் அங்கேதான்.

அடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்பது. நாலு வயதுப் பிள்ளையின் தாடை எக்ஸ்-ரேயை ஒருமுறையாவது பார்த்தவர்கள் 'தானே' என்ற சொல்லை அவ்வளவு லேசாகப் போடமாட்டார்கள். மேல்வரிசையாகப் பால்பற்கள் நிற்கும்; எலும்புக்குள்ளே இன்னொரு வரிசை, நிரந்தரப் பற்களின் மகுடங்கள், அரைகுறையாக உருவாகிக்கொண்டிருக்கும். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்குச் சுண்ணாம்பு ஏறத் தொடங்குவது பிள்ளை பிறக்கும் வாக்கிலேயே. முன்பற்களுக்கு மூன்று நாலு மாதக் குழந்தையாக இருக்கும்போது. பால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் கால் அகட்டி நிற்பது போல விரிந்திருக்கும். அந்தக் கவட்டுக்கு நடுவில் வரப்போகிற பல்லின் குருத்து. வாழைத்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குத் தாய் மரத்தின் காலடியில் கன்று இருப்பது தெரியும். அதற்குத் தகுந்தபடிதான் மண்வெட்டி போடுவார்கள்.

நேரம் வரும்போது குருத்து மேலே எழும்ப, பால்பல்லின் வேரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. விழுந்த பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் மேல் ஓடு மட்டும்தான் இருக்கும், அடியில் வேர் இருக்காது. "வேர் உள்ளேயே ஒடிஞ்சு நின்னுட்டு" என்று எங்கள் ஆச்சி கவலைப்படுவாள். ஒடியவில்லை ஆச்சி, கரைந்துவிட்டது. அவளிடம் இதைச் சொல்லும் வயது எனக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவே சீழ் புகுந்தால் என்ன ஆகும்? பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினுடையதில் பாதி கனம்தான். உள்ளே இருக்கும் கூழோ, பல்லின் அளவுக்குப் பார்த்தால் பெரிது, மேல் ஓட்டுக்கு அருகில் இருப்பது. அதனால் பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் ஊர்கிற சொத்தை பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் உள்ளே இறங்கிவிடும். கூழ் அழுகி, கிருமி வேரின் கவட்டுக்கு வந்துவிட்டால் அது வந்து நிற்கிற இடம் புதுப் பல்லின் தலைக்கு நேர் மேலே. எனாமல் பூசிக்கொண்டிருக்கிற வேளையில் அங்கே சீழ் கட்டினால் அந்தப் பூச்சு கெடும். பல் முளைத்து வரும்போதே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டோடு, சில சமயம் குழி விழுந்து வரும். இதற்கு 'டர்னர் பல்' என்று பெயரே இருக்கிறது. 1912-இல் இதை விவரித்தவர் பெயரால் வழங்குவது. ஒவ்வொரு சொத்தையும் இதில் முடியும் என்று நான் சொல்லவில்லை. முடியக்கூடும் என்பது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. தெரிந்தும் 'தானே' போடுகிறோம்.

இடப்பிரச்சினை வேறு. பால்பல் தனக்கு அடுத்து வருகிறவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறது. பஸ்ஸில் துண்டை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை ஐந்து வயதில், ஆறு வயதில் பிடுங்கிவிட்டால், பின்னாலிருந்து முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல் அந்தக் காலி இடத்துக்கு நகர்ந்து சாயும். பத்து, பதினொன்றில் உரியவர் வரும்போது உட்கார இடமிருக்காது. ஒன்று கோணலாக வருவார், அல்லது வராமலே எலும்புக்குள் தங்கிவிடுவார். என் கீழ்வாயில் இடதுபக்கம் அப்படி ஒருத்தர் நாக்கு பக்கமாகத் திரும்பி நிற்கிறார். எனக்கு ஆறு வயதில் வலி தாங்காமல் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கியது தப்பில்லை, அது வேறு வழியில்லாத அளவுக்குப் போய்விட்டிருந்தது. பிடுங்கிய இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் போடலாம், ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்று ஒன்று உண்டு என்பதை யாரும் எங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்பா கேட்டிருக்கமாட்டார். விழப்போகிற பல், விழுந்தேவிட்டது, அதன் இடத்துக்குக் கம்பியா?

இப்போது என் பாவக்கதை.

இந்த வாக்கியத்தின் ஆகப்பெரிய கொடுமை பால்பல்லுக்கு நடப்பதில்லை. பால்பல்லே அல்லாத ஒன்றுக்கு நடக்கிறது. ஆறு வயதில், ஒரு பல்லும் விழாமல், ஒரு சத்தமும் இல்லாமல், வாயின் கடைக்கோடியில் ஒரு பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நாலு. அவை நிரந்தரப் பற்கள். சாகும்வரை மெல்ல வேண்டியவை. முன்பல் விழுந்த கொண்டாட்டத்தில் வீட்டில் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. முளைக்கும்போது ஆழமான பிளவுகளோடு வரும், பிள்ளையின் பிரஷ் அதுவரை போகாது. என் மகனுக்குக் கீழ்வரிசை வலதுபக்கம் அந்தப் பல்லில் ஒரு பழுப்புப் புள்ளியை நானே பார்த்தேன். அவனுக்கு ஏழரை வயது. "இது எதுக்குடா பாக்கணும், விழப்போற பல்லு" என்று நானே சொன்னேன். ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அழைத்துவரச் சொன்னார்கள். பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது விழாதும்மா" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அந்த வயதில் அந்தப் பல்லின் வேர்நுனி முழுதாக மூடியிருக்காது. பெரியவர்களுக்குச் செய்கிற வேர் சிகிச்சையை அப்படியே செய்ய முடியாது. மருந்து வைத்து, காத்திருந்து, மறுபடி திறந்து என்று மாதக்கணக்கில் நடந்தோம். முதலிலேயே போயிருந்தால் பிளவுகளை அடைக்கிற ஒரு பூச்சில் முடிந்திருக்கும்.

அதன்பிறகு நான் பார்க்கிற தாய்மார்களிடமெல்லாம் ஒரு கணக்கு சொல்லிக்கொண்டு திரிகிறேன். நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தோடு பால்பல் முடிந்தது. ஆறாவதாக ஒன்று நின்றால் அது விழாது. ஆறு வயதில் ஆறாவது பல். எண்ணத் தெரிந்தால் போதும், டாக்டராக வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு வேடிக்கையாகத் தெரிவது, 'விழப்போகிறதுதானே' என்று நாலு வயதில் சும்மா இருக்கும் அதே வீடு, ஆறு வயதில் பல் ஆட ஆரம்பித்ததும் படுகிற அவசரம். நேற்றுவரை ஏறிட்டும் பார்க்காத பல்லுக்கு நூல் வந்துவிடும். கதவுத் தாழ்ப்பாளில் கட்டி இழுத்த வீரக் கதைகள் வரும். மாமா ஒருத்தர் "ஒண்ணும் செய்யமாட்டேன், தொட்டுப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படக்கென்று பிடுங்குவார். பிள்ளை அன்றைக்குப் பல்லை மட்டும் இழப்பதில்லை. அந்த மாமாவின் சொல்லை நம்புவதையும் விட்டுவிடும். அடுத்த பல் ஆடும்போது வாயைத் திறந்தே காட்டாது.

இந்த அவசரமும் அந்த அலட்சியமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் பால்பல் என்பது ஒழிந்தால் சரி என்கிற வேண்டாத விருந்தாளி. வேர் கரைகிற வேலை முடிந்தால் அது தானாகவே வந்துவிடும். முடியுமுன் இழுத்தால் ரத்தம் அதிகம், வலி அதிகம், வேர்த்துண்டு உள்ளே தங்கவும் கூடும். ஆச்சி பயந்தது இந்த இடத்தில் மட்டும் உண்மையாகும். ஆட்டம் கண்டபின் சில வாரம் இழுக்கும், சில பற்கள் ஓரிரண்டு மாதமும் இழுக்கும். பிள்ளையே நாக்கால் ஆட்டட்டும். தன் பல் எவ்வளவு தூரம் வளையும், எங்கே வலிக்க ஆரம்பிக்கும் என்பது அதற்குத்தான் தெரியும். நம் வேலை, அந்தப் பல்லைச் சுற்றி பிரஷ் போவதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது. ஆடுகிறது என்று பயந்து அந்தப் பக்கம் துலக்காமல் விட்டு, ஈறு வீங்கி, அதனால் வலித்து, அந்த வலிக்காகப் பல்லைப் பிடுங்கின வீடு எனக்குத் தெரியும். ஒரே இழையில் தொங்குகிற கட்டத்தில் பிள்ளை கேட்டால், சுத்தமான துணியால் பிடித்து லேசாகத் திருகினால் வந்துவிடும். ரத்தம் கசிந்தால் ஈரத்துணியைச் சுருட்டிக் கொஞ்ச நேரம் கடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். சோற்றோடு விழுங்கிவிட்டாலும் குடி முழுகிவிடாது. என் மகள் ஒன்றை முறுக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டு, வயிற்றுக்குள் பல் முளைத்து உள்ளேயிருந்து கடிக்குமா என்று இரண்டு நாள் யோசனையில் இருந்தாள்.

அப்புறம் அழகுக் கவலை. கீழ் முன்பல் விழுமுன் அதன் பின்னாலேயே புதுப்பல் தலைகாட்டி இரட்டை வரிசையாக நிற்கும். பார்த்ததும் வீடே அலறும். முன்னால் இருப்பது ஆடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது விழுந்ததும் நாக்கே பின்னவரை முன்னால் தள்ளிவிடும். ஆடவே இல்லையென்றால்தான் காட்ட வேண்டும். எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நடுவில் சந்தோடு நிற்கும். பல் மருத்துவர்களே இதை அசிங்க வாத்துக்குஞ்சுப் பருவம் என்றுதான் சொல்கிறார்கள். கோரைப்பல் இறங்கி வரும்போது பெரும்பாலும் சந்து மூடிக்கொள்ளும். ஆனால் இந்தச் சந்துக்குக் கம்பி கட்டச் சொல்லி ஓடி வருகிறவர்களில் எத்தனை பேர், நாலு வயதில் கடைவாயில் சீழ் கட்டியபோது வந்தார்கள்? கடைவாய் போட்டோவில் தெரியாது. முன்பல் தெரியும்.

எதிர்த்தரப்பில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று நான் வாதாடினால் அது நேர்மையில்லை. அவர்கள் சொல்வதில் நாலைந்தைக் கேட்டிருக்கிறேன்.

"எங்க தாத்தா வேப்பங்குச்சியைத் தவிர எதையும் வாயில வச்சதில்ல, எம்பது வயசுல கரும்பு கடிச்சார்." கடித்திருப்பார். ஐம்பது வயதில் பொக்கையாகிப்போன தாத்தாக்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதோடு, அந்தத் தாத்தா நாலு வயதில் என்ன தின்றார் என்று பார்க்க வேண்டும். காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், பள்ளிக்கூட இடைவேளையில் கிரீம் பிஸ்கட், சாயங்காலம் டப்பாவில் அடைத்த பழரசம், ராத்திரி பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூக்கம், இவை அவருக்கு வாய்க்கவில்லை. பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவைக்கும் வாயிலிருக்கும் கிருமிகள் அரைமணி நேரம் போல அமிலம் சுரந்துகொண்டிருக்கும். நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவில் நின்று சந்தோஷப்பட்டவள். இருந்தும் சொல்கிறேன்: "கருப்பட்டி, வெல்லம் பல்லை ஒண்ணும் செய்யாது" என்பது ஊர்ப்பாசத்தில் சொல்கிற பேச்சு. கிருமிக்குச் சீனியும் ஒன்றுதான், வெல்லமும் ஒன்றுதான். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளிக்கிற பிள்ளை, ஒரு மிட்டாயைச் சாயங்காலம் முழுக்கச் சப்புகிற பிள்ளையைவிட எவ்வளவோ மேல்.

"செலவு." இது உண்மையான வாதம், இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. தினக்கூலி வீட்டில் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உட்காருவது லேசில்லை. ஆனால் செலவு என்பது பல்லின் வயதைப் பார்த்து வருவதில்லை, சொத்தையின் ஆழத்தைப் பார்த்து வருவது. புள்ளியாக இருக்கும்போது போனால் அடைப்பு. கூழைத் தொட்டபிறகு போனால் வேர் சிகிச்சை. கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு போனால் படுக்கை. 'விழப்போகிறதுதானே' முதல் வாசலை மூடிவிட்டு மூன்றாம் வாசலுக்கு அனுப்பிவைக்கிற வாக்கியம். மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறது. மலிவான வழிகளும் வந்துவிட்டன. சில்வர் டயமீன் ஃபுளோரைடு என்று ஒரு திரவம். துளையிடாமல், ஊசி போடாமல், தொட்டுத் தடவினால் பல இடங்களில் சொத்தை அங்கேயே நின்றுவிடும். தடவின இடம் கறுத்துப்போகும், அதுதான் குறை. கடைவாய் கறுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பற்சொத்தையும் இருக்கிறது. குழு பார்த்து, எழுதி, சீட்டும் கொடுக்கிறது. சீட்டு பிள்ளையின் பையிலேயே கிடந்து மக்குகிறது. வீட்டில் அந்த வாக்கியம் தயாராக இருக்கிறது அல்லவா. 2002-03-இல் நாடு முழுவதும் எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சொத்தை இருந்தது. பாதி வகுப்பு ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது வாதத்தைப் படித்தவர்கள் கொண்டுவருகிறார்கள், இதுதான் கனமானது. பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 'ஃபிக்‌ஷன்' என்று பெயர், எழுத்துகளைக் கோத்து அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குள் பால் கடைவாயில் சொத்தை இருந்த 1,144 பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சொத்தையைக் குடைந்து அடைத்தார்கள். இன்னொன்றுக்குக் குடையாமல் மூடி முத்திரை வைத்தார்கள். மூன்றாவதற்கு அடைப்பே கிடையாது, தடுப்பு மட்டும். 2020-இல் முடிவு வந்தது. வலியிலும் சீழிலும் மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "பாத்தீங்களா, வெள்ளைக்காரனே சொல்லிட்டான், சும்மா விட்டாலும் ஒண்ணுதான்" என்று ஒரு நண்பர் எனக்கு அனுப்பிவைத்தார்.

நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த மூன்றாவது கூட்டத்தை யாரும் 'சும்மா' விடவில்லை. அவர்கள் பல் டாக்டரின் பார்வையிலேயே இருந்தார்கள். ஃபுளோரைடு பூசினார்கள், பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், என்ன தின்பது என்று பேசினார்கள், அதுவும் வருஷக்கணக்கில். நம் பந்தியிலிருந்த பையனுக்கு இதில் எது நடந்தது? இன்னொன்று, அந்த ஆய்வில் மூன்று கூட்டத்திலுமே நூற்றுக்கு நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் வலியோ சீழோ வந்தது. மூன்று வருஷத்துக்கும் குறைவான காலத்தில். பால்பல் சொத்தை சும்மா கிடந்துவிட்டு விழும் என்பவர்கள் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பலாமே. ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது, சொத்தை விழுந்தபின் எதைச் செய்தாலும் பிள்ளை முழுதாகத் தப்புவதில்லை, ஆகவே முதல் பல் முளைத்த நாளிலேயே துணியையோ பிரஷையோ கையில் எடு என்பது. மூன்று வயதுவரை அரிசிமணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், அதற்குமேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கக் கூடாது. ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைபட வேண்டும், தன் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத பிள்ளையிடம் பிரஷைக் கொடுத்துவிட்டு "நல்லா தேய்ச்சியா?" என்று அடுப்படியிலிருந்து கேட்பது துலக்குவதாகாது.

ஒரு விஷயத்தில் எதிராளி பக்கம் போய் நிற்கிறேன். இன்னும் சில மாதத்தில் விழப்போகிற, வலியில்லாத, ஆட ஆரம்பித்துவிட்ட பல்லில் சொத்தை இருந்தால் அதை விட்டுவிடலாம். நல்ல டாக்டர்களே விட்டுவிடுவார்கள். விளையாட்டில் அடிபட்டுப் பால்பல் முழுசாகத் தெறித்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே செருகவும் கூடாது, கீழே இருக்கும் குருத்து கெடும். நிரந்தரப் பல் தெறித்தால் மட்டும் ஓட வேண்டும். உடனே செருகிவிட வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம். 'விழப்போகிறதுதானே' என்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பாயச வாளியைப் பிடித்துக்கொண்டு சொல்லக் கூடாது.

எனக்கு மனசு ஆறாதது இன்னொன்று. எக்ஸ்-ரே, குருத்து, இடம் என்று நானே இவ்வளவு நேரம் வாதாடியதில், வரப்போகிற பல்லுக்காகத்தான் இருக்கிற பல்லைக் காக்க வேண்டும் என்பது போலத் தொனிக்கிறது. டர்னர் பல் வராது, கோணல் வராது என்றே வைத்துக்கொள்வோம். புதுப்பல் முத்து மாதிரி முளைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்துவிடட்டும். அப்போதும் அந்தப் பையன் நேற்று ராத்திரி தூங்கவில்லை. பல்வலி படுத்தால்தான் கூடும். அதனால் பிள்ளைகள் பகலில் விளையாடிவிட்டு ராத்திரி அழும், நாம் அதை 'அடம்' என்போம். நாலு வயதுப் பிள்ளைக்கு வலது கீழ்க்கடைவாயில் வலி என்று சொல்லத் தெரியாது. சோற்றைக் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்ளும், கறியைத் துப்பும், எடை ஏறாது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும். நாம் 'சாப்பாட்டுல சேட்டை' என்போம். பல் தற்காலிகமானது என்பதால் வலியும் தற்காலிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஐம்பது வயதுக்காரருக்கு இதே வலி வந்தால் அன்றைக்கே பத்து மணிக்கு டோக்கன் போடுவார். அந்தப் பல்லும் விழப்போகிற பல்தான் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறினாலோ, தாடைக்கு அடியில் இறங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ அது பல் சங்கதியாக இருப்பதை நிறுத்திவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிராம்புத் தைலத்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் அதில் வேலையில்லை.

மகனிடம் சூடுபட்டதால் மகள் விஷயத்தில் விழித்துக்கொண்டேன். அவளுக்கு ஐந்து வயதில் மேல்வரிசையில் இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லில் சொத்தை, கூழைத் தொடவில்லை. மருத்துவர் துளையிடவில்லை, ஊசி போடவில்லை. பக்கத்துப் பல்லோடு ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைச் செருகி அனுப்பினார். சில நாள் கழித்து, வளையம் உண்டாக்கிய சந்தின் வழியாக அந்தப் பல்லின் மேல் ஒரு ஸ்டீல் தொப்பியைப் பசை வைத்து மாட்டி, "நல்லா கடி, இன்னும் கடி" என்றார். மொத்தம் பத்து நிமிஷம். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்டு அவர் பெயராலேயே வழங்குகிற முறை. உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காமல் சொத்தை அப்படியே நின்றுவிடும். முதல் ஒரு வாரம் பல் உயரமாக இடித்தது, இட்லியைக்கூட முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே மறந்துவிட்டது.

அத்தைதான் மறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பேத்தியின் வாயைத் திறக்கச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவைத்துப் பார்த்தார்கள். "ஏம்மா, விழப்போற பல்லுக்கு வெள்ளிக் கவசமா? திருச்செந்தூர் முருகனுக்குச் சாத்திப் பார்த்திருக்கேன்" என்றார்கள். "வெள்ளி இல்ல அத்தை, எவர்சில்வர்" என்றேன். "அதுவும் எவர்சில்வராம்ல" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஆறு வருஷம், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கவசம் காட்டப்பட்டது. காட்டும்போது அத்தையின் குரலில் இருந்த கேலி வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். கடைசியில், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எவர்சில்வர் பல்லு" என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன மாசி மாதம், பதினோரு வயதில், கொய்யாக்காயைக் கடிக்கும்போது அது விழுந்தது. தொப்பியோடு சேர்ந்தே விழுந்தது. மகள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்: மேலே பளபளவென்று ஸ்டீல், அடியில் வேர் முழுக்கக் கரைந்து வெறும் விளிம்பு. ஈறில், விழுந்த இடத்திலேயே, புதுப்பல்லின் வெள்ளை முனை தெரிந்தது. வழக்கப்படி சாணி உருண்டையில் பொதிந்து, அணில் எடுத்துக்கொள்ளட்டும் என்று கூரையில் எறிய வேண்டும். மதுரையில் அடுக்குமாடிக்கு வந்தபிறகு சாணிக்கு எங்கே போவது, கூரைதான் எது? மொட்டைமாடிக்குப் போனோம். அத்தையும் முழங்கால் வலியைப் பார்க்காமல் இரண்டு மாடி ஏறி வந்துவிட்டார்கள். "ஆச்சி, அணிலு ஸ்டீல் பல்லை எடுத்துக்கிடுமா?" என்று மகள் கேட்டாள். "ஏன் எடுக்காது? அதுக்கும் கொட்டை உடைக்க வேண்டாமா" என்றார்கள் அத்தை. மகள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பக்கத்து வீட்டுத் தகரக்கூரையில் டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு முறை துள்ளி, அப்புறம் உருண்டு, எங்கேயோ நின்றது.